தாஸ்காவில் அலர்ஜி உள்ள குழந்தை: சாப்பாட்டுக்கு எந்த ஏற்பாடு நல்லது?

தாஸ்காவில், அதாவது சிறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மையத்தில், பிள்ளையைச் சேர்க்கும் படிவத்தில் "ஒவ்வாமை" என்ற சொல்லுக்கு எதிரே ஒரே ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில் பெற்றோர் எழுதித் தருவதைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். ஒருவர் "முட்டை" என்று எழுதுவார். ஒருவர் "கோழி சாப்பிட்டால் சொறி" என்று எழுதுவார். இன்னொருவர் "ஜி6பிடி" என்று எழுதுவார். பாட்டி சொன்ன கரப்பானும் அங்கேதான் வந்து சேரும். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "டீச்சர், சாப்பாடு நாங்களே கட்டிக் கொடுக்கவா, இல்லை நீங்களே பார்த்துக்கொள்வீர்களா?"

நான் செந்தூலில் ஒரு தாஸ்காவில் வேலை செய்கிறேன். இதற்கு முன் கோலாலம்பூரிலேயே வேறொரு மையத்தில் இருந்தேன். அந்தக் கேள்விக்கு வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால் வழிகள் இரண்டல்ல, நான்கு. வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கலாம். தாஸ்கா சமையலறையே தனியாகச் சமைக்கலாம். அந்த உணவு மையத்துக்குள்ளேயே வராமல் தடுக்கலாம். பெரிய மையத்தை விட்டுவிட்டு, நாலைந்து பிள்ளைகளை மட்டும் வைத்துப் பார்க்கும் ஒரு வீட்டுக்கு மாற்றலாம். ஒரு குழந்தைக்குச் சரியாக அமைந்த ஏற்பாடு இன்னொரு குழந்தைக்கு ஆபத்தாக முடிவதை நான் பார்த்திருக்கிறேன்.

## முதலில் எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், அது உண்மையிலேயே அலர்ஜிதானா என்பது. இதைக் கேட்டால் சில பெற்றோருக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். ஜி6பிடி குறைபாடு அலர்ஜி இல்லை, சிவப்பணுவில் ஒரு நொதி குறைவாக இருப்பது. நம் நாட்டில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்திலேயே சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குழந்தைக்கு ஆகாதவை ஃபாவா அவரை, அந்துருண்டை, சில மருந்துகள். முட்டையும் பாலும் அதற்குப் பிரச்சினை இல்லை. பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆவது வேறு, பாலின் புரதத்துக்கு உடம்பு எதிர்ப்புக் காட்டுவது வேறு. முதல் வகைக் குழந்தைக்கு லாக்டோஸ் நீக்கிய பால் போதும். இரண்டாவது வகைக் குழந்தைக்கு அதே பால் விஷம். இங்கே ஆட்டுப் பாலையும் சொல்லிவிடுகிறேன். "ஆட்டுப் பால் குடுத்தா ஒண்ணும் ஆகாதும்மா" என்று அன்போடு சொல்லும் பாட்டிமார் உண்டு. பசும்பால் அலர்ஜி உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப் பாலும் ஒத்துக்கொள்ளாது. இரண்டின் புரதமும் அவ்வளவு நெருக்கமானவை.

ஆகவே, எந்த வழியைத் தேர்வதற்கு முன்பும் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எந்த உணவு, முன்பு என்ன நடந்தது, மறுபடி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். சில இடங்களில் பணம் கட்டினால் நூறு உணவுகளுக்கு "ஐஜிஜி" என்ற இரத்தச் சோதனை செய்து நீளமான பட்டியல் தருகிறார்கள். அந்தச் சோதனையால் உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பட்டியலை நம்பி, வளரும் பிள்ளைக்குப் பால், கோதுமை, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தினால் பிள்ளை இளைத்துப் போகும். தாஸ்காவிலும் பதினைந்து பொருளை நினைவில் வைக்கச் சொன்னால் முக்கியமான ஒன்று மறந்துபோகும்.

இரண்டாவது அளவுகோல் வயது. ஒன்றரை வயதுப் பிள்ளை பக்கத்துத் தட்டில் கை வைக்கும், கீழே விழுந்ததை எடுத்து வாயில் போடும். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு "இது எனக்கு ஆகாது, டீச்சர்" என்று சொல்லப் பழக்கலாம்.

மூன்றாவது, சாப்பாட்டு நேரத்தில் குழந்தையின் மேல் யாருடைய கண் இருக்கிறது என்பது. பதிவுபெற்ற தாஸ்காவில் ஒரு வயதுக்கு உட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். 1 முதல் 3 வயதுவரை 5 பேருக்கு ஒருவர், 3 முதல் 4 வயதுவரை 10 பேருக்கு ஒருவர். இது விதி. மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு டீச்சர் டயப்பர் மாற்றப் போயிருக்கும்போது மேசையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது, அவசரம் வந்தால் அட்ரினலின் ஊசி எவ்வளவு சீக்கிரம் தொடைக்குள் போகும் என்பது. இதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். ஐந்தாவது, உங்கள் வீட்டின் நேரமும் பணமும். இதை வெளியே சொல்லப் பலரும் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. மூன்று மாதத்தில் உங்களால் தொடர முடியாமல் போகும் ஏற்பாடு பிள்ளைக்குப் பாதுகாப்பு ஆகாது.

## வழி 1: வீட்டுச் சாப்பாடு

பெரும்பாலான அம்மாக்களின் மனம் முதலில் இதைத்தான் நாடும். என்ன போட்டுச் சமைத்தோம் என்று நமக்குத் தெரியும். பாலும் முட்டையும் கோதுமையும் சேர்ந்து ஆகாத பிள்ளைக்கும், முன்பு ஒருமுறை கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் என்னைக் கேட்டால் இதையே சொல்வேன்.

ஆனால் இதில் வெளியே தெரியாத செலவு நிறைய இருக்கிறது. காலை ஏழு மணிக்கு விட்டு மாலை ஆறரைக்கு எடுக்கும் பிள்ளைக்குக் காலைப் பசியாறல், பத்து மணிக்கு ஏதாவது, மதியச் சோறு, நான்கு மணிக்குப் பலகாரம் என்று ஒரு நாளைக்கு நான்கு வேளை. மாதம் 22 வேலை நாள் என்றால் 88 டப்பா. மையத்துச் சாப்பாடு வேண்டாம் என்பதற்காகப் பெரும்பாலும் கட்டணம் குறையாது. சேர்வதற்கு முன்பே கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் கொஞ்சம் குறைப்பார்கள்.

நம் ஊர் வெயிலில் சமைத்த சோறு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கெட ஆரம்பித்துவிடும். அதனால் மதியச் சாப்பாட்டுக்கு நல்ல தெர்மோஸ் டப்பா வேண்டும். கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சோற்றைப் போட்டு மூடினால் மதியம்வரை சூடு நிற்கும். இப்படிச் செய்தால் தாஸ்கா அடுப்பில் சூடாக்க வேண்டிய வேலை இருக்காது. சூடாக்கும்போதுதான் இன்னொருவரின் கரண்டி உள்ளே நுழைகிறது.

டப்பா, மூடி, கரண்டி, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றிலும் பெயர் வேண்டும். பால் புட்டி விஷயத்தில் இது உயிர் சம்பந்தப்பட்டது. பசும்பால் அலர்ஜிக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த சிறப்புப் பால்மாவு குடிக்கும் குழந்தைக்கு, பக்கத்துக் குழந்தையின் மாவை அளந்த கரண்டியைப் போட்டாலே போதும். நாங்கள் அந்த டின்னைத் தனி அலமாரியில், சிவப்பு நாடா ஒட்டி, அதற்கென்று உள்ள கரண்டியோடு வைக்கிறோம்.

அப்புறம், வீட்டுச் சாப்பாடு கொடுக்கும் பெற்றோர் பலர் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் கவனித்தீர்கள். பக்கத்துப் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? தனியாக ஒரு மூலையில் உட்கார வைப்பதை நான் ஏற்க மாட்டேன். மற்றவர்களைப் பார்த்தபடி தனியே சாப்பிடும் பிள்ளை, ஒரு வாரத்தில் சாப்பாட்டு நேரம் என்றாலே அழத் தொடங்கும். மேசையின் ஓரத்தில், டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில், வேறு நிறத் தட்டோடு உட்கார்ந்தால் போதும். சாப்பிட்டதும் எல்லாப் பிள்ளைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஜெல் கிருமியைக் கொல்லும், ஆனால் வேர்க்கடலைப் புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது.

இன்னும் ஒன்று. ஜாலான் கூச்சிங் நெரிசலில் மாட்டிக்கொண்டு ஆறே முக்காலுக்கும் நீங்கள் வந்து சேரவில்லை. டப்பா காலி. பிள்ளை பசியில் அழுகிறது. பாவம் என்று யாரோ ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுப்பது அப்போதுதான். இரண்டு நாளைக்குத் தாங்கும்படி, ஆபத்தில்லாத உலர் தின்பண்டங்களை ஒரு பெட்டியில் போட்டு, பெயர் ஒட்டி, மையத்திலேயே வைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை தேதி பார்த்து மாற்றுங்கள்.

## வழி 2: தாஸ்கா சமையலறையே பார்த்துக்கொள்வது

முன்பு நான் வேலை செய்த மையத்தில் முட்டை ஆகாத ஒரு பையன் இருந்தான். சமையல் அக்கா எட்டு மாதம் ஒரு தவறும் இல்லாமல் அவனுக்குத் தனியாகச் சமைத்தார். மீ கோரேங் அன்றைக்கு அவனுக்கு மீஹூன் வரும், அதுவும் கழுவிய வேறு சட்டியில். ஒரு நாள் மாலை, வழக்கமான டீச்சர் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்த பெண் எல்லாருக்கும் காயா தடவிய ரொட்டி கொடுத்தார், அவனுக்கும் கொடுத்தார். காயா என்றால் தேங்காய்ப்பால் ஜாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதன் உடம்பே முட்டை. கால் மணி நேரத்தில் பையனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, அப்புறம் வாந்தி. தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளை பிழைத்தான். அன்றிரவு நான் தூங்கவில்லை.

அன்றிலிருந்து எந்த மையத்தைப் பார்த்தாலும் மதியச் சமையலைவிட, மாலைப் பலகாரத்தை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். சோற்றுக்குப் பட்டியல் இருக்கும், சமையலுக்கு ஓர் ஆள் இருப்பார். பிறந்தநாள் கேக், பெற்றோர் கொண்டுவரும் பலகாரப் பை, விடுப்பு நாள், மாலை வேளை ஆகியவற்றுக்குத்தான் ஆளும் இல்லை, பட்டியலும் இல்லை.

இந்த வழியில் உங்களுக்கு நேரம் மிச்சம். பிள்ளையும் எல்லாரோடும் ஒரே மாதிரிச் சாப்பிடுகிறது. ஆனால் முழுப் பாரமும் ஒரு சமையலறையின் ஒழுங்கின் மேல் விழுகிறது. அங்கே நுழையும் பொருள்களைக் கொஞ்சம் பாருங்கள். மஞ்சள் மீயில் கோதுமை, பல சமயம் முட்டையும். கிச்சாப்பில் சோயாவும் கோதுமையும். நாசி லெமாக் சம்பலில் நெத்திலி, பெலாச்சான், மேலே வேர்க்கடலை. பெலாச்சான் என்பது இறாலின் இன்னொரு உருவம். இறால் துண்டு கண்ணில் படாததால் "இறால் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். மைலோவில் பாலும் பார்லியும். ரொட்டி சானாய் மாவில் டின் பாலும் முட்டையும் சேர்ப்பது சாதாரணம். நெய்யிலும் பால் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். நகெட், மீன் உருண்டை, சாசேஜ் எல்லாம் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு வேறு. கடையில் வழக்கமான பாக்கெட் தீர்ந்து வேறு வாங்கி வந்தால் கதையே மாறிவிடும்.

உறையில் அடைத்து விற்கும் பொருளில் முட்டை, பால், மீன், வேர்க்கடலையும் மற்றக் கொட்டைகளும், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் இருந்தால் சொல்லியாக வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் கட்டாயப்படுத்துகின்றன. மலாயில் "தெலூர்" (முட்டை), "சூசு" (பால்), "காச்சாங்" (கடலை) என்ற சொற்களைத் தேடிப் படிக்கச் சமையல் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. சாலையோரக் கடையில் வாங்கிவரும் பலகாரத்தில் அந்த எழுத்து எதுவும் இருக்காது.

சமையல் செய்பவரிடம் உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழும் டைஃபாய்டு தடுப்பூசிச் சான்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்க வேண்டும், அது சட்டம். ஆனால் அவை முக்கியமாகச் சுத்தத்துக்கானவை. அலர்ஜிக்கு நீங்கள் கேட்க வேண்டியது வேறு. அந்தப் பிள்ளையின் பங்கை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே சமைத்து, மூடி, பெயர் ஒட்டி வைக்கிறீர்களா? பொரிக்கும் எண்ணெய் தனியா? சமையல் அக்கா விடுப்பு எடுத்தால் யார்? காலை பத்தரை மணிக்குச் சமையலறையை ஒருமுறை பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்க்க விடாத இடத்தில் இந்த வழி வேண்டாம்.

சில தாஸ்காக்கள் இதைவிட எளிதான ஒன்றைச் செய்கின்றன. தனியாகச் சமைக்காமல், எல்லாருடைய சமையலிலிருந்தும் அந்தப் பொருளை எடுத்துவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இட்லியில் அரிசியும் உளுந்தும்தான், முட்டை, பால், கோதுமை ஒன்றும் இல்லை. பச்சைப்பயறுக் கஞ்சி, கோழி சூப், தேங்காய்ப்பால் விட்ட கீரை என்று முப்பது பிள்ளைக்கும் ஒரே சட்டியில் செய்துவிடலாம். குழப்பமே இல்லை. ஆனால் பருப்பு ஆகாத பிள்ளையும் உண்டு. கடலைப்பருப்பு, பட்டாணி, மைசூர்ப் பருப்பு அலர்ஜி நம் வீடுகளில் வராது என்று நினைத்துவிடாதீர்கள். வேர்க்கடலை ஆகாத சிலருக்கு வெந்தயமும் ஆகாது.

## வழி 3: மையத்துக்குள் தடை

"இங்கே வேர்க்கடலைக்கு அனுமதி இல்லை" என்று வாசலில் ஒட்டுவது. வேர்க்கடலைக்கும் முந்திரிக்கும் இது ஓரளவு நடக்கும். கடல் உணவுக்கும் முயன்று பார்க்கலாம். பால் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை, தாஸ்கா முழுதும் புட்டிதான்.

எனக்கு இதில் பயம், தடை போட்டதும் எல்லாரும் நிம்மதி அடைந்துவிடுவதுதான். தீபாவளிக்கு ஒரு பாட்டி நெய் உருண்டையில் முந்திரி வைத்துக் கொண்டுவருவார். நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் மசோலா பிஸ்கட் வரும். பெயரில் கடலை இல்லை, உள்ளே முழுக்க வேர்க்கடலை. கச்சாங் பூத்தே பொட்டலத்தில் முறுக்கை மட்டும் பொறுக்கிக் கொடுத்தாலும் அது கடலையோடு ஒரே பையில் கிடந்த முறுக்குதான். தடை இருக்கும் இடத்தில் யாரும் பையைத் திறந்து பார்ப்பதில்லை. மற்ற பெற்றோரின் மனக்கசப்பும் ஒரு செலவு. "ஒரு பிள்ளைக்காக எங்கள் பிள்ளை ஏன்" என்பது காதில் விழாமலே மனத்தில் ஓடும். சேரும் நாளிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டால் பெரும்பாலோர் அன்போடு ஒத்துழைக்கிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து தின்பண்டமே வேண்டாம், பிறந்தநாளுக்கு ஸ்டிக்கரோ வண்ணப் பென்சிலோ கொடுங்கள் என்ற விதி ஒரு தனி உணவைத் தடுப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது.

வேர்க்கடலை வாசம் பட்டாலோ தோலில் உரசினாலோ உயிர் போய்விடும் என்று சில பெற்றோர் உறங்காமல் கிடக்கிறார்கள். தொட்டால் அந்த இடத்தில் தடிக்கலாம். கடுமையான பாதிப்பு ஏறக்குறைய எப்போதுமே வாய் வழியாகத்தான் வருகிறது. கையையும் வாயையும் காத்தால் பெரும்பகுதி காத்தாயிற்று.

## வழி 4: சிறிய வீட்டுப் பராமரிப்பு

ஒரு வீட்டில் 10 பேருக்குக் குறைவான பிள்ளைகளை வைத்துப் பார்ப்பது வீட்டுத் தாஸ்கா. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 4 பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். மூன்று பேர் வரை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது, அவரைச் சோதிக்க யாரும் வரமாட்டார்கள்.

இதன் பலம் பெரியது. சமைப்பவரும் ஊட்டுபவரும் பார்ப்பவரும் ஒருவரே. காயா கொடுத்த அந்தப் பெண்ணைப் போல இடையில் புதிதாக ஒருவர் வருவதில்லை. பேச்சு வராத வயதில் பல உணவு ஆகாத பிள்ளைக்கு நல்ல அக்கா ஒருவர் கிடைத்தால், பெரிய மையத்தைவிட அங்கேதான் நான் அனுப்புவேன்.

பலவீனமும் அதே இடத்தில்தான். அவருக்கு உடம்பு சரியில்லையென்றால் மாற்று ஆள் இல்லை. பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் ஊசி போடுவது, 999-க்கு அழைப்பது, மற்றப் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வது எல்லாம் இரண்டே கைகள். அது அவருடைய வீடும்கூட. பள்ளி விட்டு வரும் அவர் மகன் சோபாவில் உட்கார்ந்து கடலை கொறிப்பான். பண்டிகைக்கு உறவினர்கள் வருவார்கள். பணத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 6 வயது வரையுள்ள பிள்ளைக்கு, பதிவுபெற்ற தாஸ்காவுக்கும் பாலர் பள்ளிக்கும் கட்டும் பணத்துக்குத்தான் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கிடைக்கும். பதியாத வீட்டுக்குக் கட்டுவதற்குக் கிடைக்காது.

வீட்டிலேயே பாட்டி பார்த்துக்கொள்வதும் இதே வகைதான், அன்பு மட்டும் கூடுதல். "ஒரு வாய்தானே" என்ற சொல்லும் அங்கே கூடுதல்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வீட்டுச் சாப்பாடு | தாஸ்கா சமையல் | தடை | சிறிய வீடு |
|---|---|---|---|---|
| பொருத்தமான அலர்ஜி | பல உணவு, கடுமையானது | ஒன்றிரண்டு உணவு | வேர்க்கடலை, முந்திரி | பல உணவு, பேச்சு வராத வயது |
| தப்பு நடக்கும் இடம் | பக்கத்துத் தட்டு, தாமதமான மாலை | மாலைப் பலகாரம், மாற்று ஆள் | பண்டிகை, பிறந்தநாள் | தனி ஆள், வீட்டார் தின்பண்டம் |
| மறைந்த செலவு | மாதம் 88 டப்பா | சமையலறையைத் தொடர்ந்து கண்காணித்தல் | மற்ற பெற்றோரின் மனம் | மாற்று ஏற்பாடு, வரிக் கழிவு |
| எப்போது வேண்டாம் | வீட்டில் காலை நேரமே இல்லாதபோது | சமையலறையைக் காட்டாத இடத்தில் | பாலுக்கு | ஊசி போட அவர் பயந்தால் |

பாலோ முட்டையோ மட்டும் ஆகாத, இதுவரை தடிப்பைத் தாண்டிப் போகாத இரண்டரை வயதுப் பிள்ளை என்றால், எல்லாருக்கும் அந்தப் பொருள் இல்லாமல் சமைக்கும் தாஸ்காவைத் தேடுங்கள் என்பேன். கிடைக்காவிட்டால் மதியச் சோறு மையத்தில், மாலைப் பலகாரம் வீட்டிலிருந்து. இப்படிக் கலந்து செய்யலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தவறு அதிகம் நடக்கும் வேளையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் 88 டப்பா 22 ஆகிவிடும். கடல் உணவு மட்டும் ஆகாத பிள்ளைக்கும் இதே ஏற்பாடுதான், பெலாச்சான் பற்றிச் சமையல் அக்காவோடு ஒரு முறை நிதானமாகப் பேசிவிட்டு. வேர்க்கடலையில் முன்பு மூச்சுத் திணறிய பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடு, வெளித் தின்பண்டம் வராத மையம், இரண்டும் சேர்ந்து வேண்டும்.

## ஊசி

கடுமையான ஒவ்வாமைக்கு மருந்து அட்ரினலின் ஒன்றுதான். தொடையின் வெளிப்பக்கத்தில், நடுவில், தேவையானால் துணிக்கு மேலேயே குத்த வேண்டும். அரிப்புக்குக் கொடுக்கும் சிரப் தடிப்பைக் குறைக்கும், அடைக்கும் மூச்சுக்குழாயைத் திறக்காது. சிரப் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் உயிர் நழுவுகிறது. சின்னப் பிள்ளை "தொண்டை அடைக்கிறது" என்று சொல்லாது. நாக்கைச் சுரண்டும், எச்சில் வடிக்கும், அழுகுரல் கரகரக்கும், திடீரென்று துவண்டு வெளுத்துப் போகும். ஊசி போட்டதும் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம், நடக்க விடாதீர்கள். 999-க்கு அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது ஊசி. அதனால்தான் கையில் இரண்டு இருக்க வேண்டும். தெளிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வருவது உண்டு.

அட்ரினலின் அடைத்த பேனா ஊசி எல்லாக் கடையிலும் கிடைக்கும் பொருள் அல்ல, விலையும் அதிகம், ஓராண்டு ஒன்றரை ஆண்டில் காலாவதி ஆகிவிடும். நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இந்தச் செலவு உண்டு, முதலிலேயே கணக்கில் சேருங்கள். உங்கள் பிள்ளைக்கு அது தேவையா, எடைக்கு எந்த அளவு என்பதை மருத்துவர்தான் சொல்வார். தேவை என்றால், மருத்துவர் கடிதத்தின் நகலும் டீச்சர்களுக்குப் பயிற்சியும் இல்லாமல் தாஸ்காவில் விட்டுவிட்டு வராதீர்கள். பயிற்சிக்கான ஊசியில்லாப் பேனாவை வைத்து ஒவ்வொரு டீச்சரும் தன் தொடையில் ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும், மாலை ஷிஃப்டில் வருபவரும் சேர்ந்து. காரில் வைக்கக் கூடாது, குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. பூட்டிய அலமாரியிலும் வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், குளிரூட்டிய அறையில், எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிந்த இடத்தில்.

பக்கத்துக் கிளினிக்குக்கு ஒருமுறை நீங்களே நடந்து போங்கள். அட்ரினலின் இருக்கிறதா, மதியம் எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று கேளுங்கள். செந்தூலிலிருந்து ஜாலான் பகாங் மருத்துவமனை தூரமில்லை. மாலை ஐந்தரைக்கு ஜாலான் ஈப்போவில் நின்று பார்த்தால் அந்தக் கணக்கு வேறு.

## முடிவை எப்போது மாற்றுவது

பாலும் முட்டையும் ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர அது விலகிவிடும். கேக்கில் வெந்த முட்டை முதலில் ஒத்துக்கொள்ளும், அவித்த முட்டை பிறகு. வேர்க்கடலையும் இறாலும் அவ்வளவு எளிதில் விலகுவதில்லை. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். கொஞ்சம் கொடுத்துப் பார்க்கும் சோதனை மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். வீட்டிலோ தாஸ்காவிலோ யாரும் முயன்று பார்க்கக் கூடாது.

நான்கு வயதில் பிள்ளை பாலர் பள்ளிக்குப் போகும்போது எல்லாவற்றையும் புதிதாகப் பேச வேண்டியிருக்கும். அங்கே கல்வி அமைச்சின் விதிகள், ஒரு டீச்சருக்குப் பிள்ளைகள் அதிகம், பிள்ளை தானே டப்பாவைத் திறக்கும். தாஸ்காவில் கொடுத்த பழைய கடிதத்தின் நகலை அங்கே கொடுக்காதீர்கள். அதில் இருப்பது இரண்டு வயதுப் பிள்ளையின் எடை. இப்போதைய எடையும் இப்போதைய படமும் உள்ள புதிய கடிதம் வாங்கி, சேர்க்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே டீச்சர் கையில் கொடுத்து, சமையல் செய்பவரையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.